கடலில் போடவில்லை

"அழுங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

வள்ளத்தில் முப்பது பேர் அளவில் இருந்தோம். கரையில் கமெரா நின்றது. கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாக் கடற்கரை. காற்றுக்காலம் முடிந்து கடல் தணிந்திருந்தது. காலை பத்து மணி இருக்கும். வெயில் முதுகில் ஏறிவிட்டது.

யாரும் அழவில்லை.

"ஊர விட்டுப் போறீங்க. திரும்பி உங்கட ஊரப் பாருங்க. பாத்து அழுங்க."

திரும்பிப் பார்த்தோம். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஹோட்டல் இருந்தது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர் இரண்டு பேர் ஈரக் காற்சட்டையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்தில் இருந்த நிலாம், அண்ணன் முறையில் என்னை நானா என்பவன், மெல்லக் கேட்டான். "நானா, அண்டைக்கே நாங்க அழல்ல. இண்டைக்கு எப்படி வரும்?"

"வாய மூடு. வெங்காயம் கொண்டுவந்து தேய்ப்பாங்க" என்றேன்.

பின்னால் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். முப்பது பேரும் சிரித்தோம். கரையில் டிரெக்டர் தலையில் கை வைத்தார்.

அன்றைக்கு முதல் காட்சி இப்படிக் கெட்டது.

வாசகர் கேட்டது

இந்தப் பத்தியில் சென்ற வாரம் உப்பளத்தில் வேலை செய்ததைச் சொன்னேன். இந்த வாரம் மிச்சத்தைச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் உடப்பிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். "நீங்கள் யுத்தப் படம் விரும்பிப் பார்ப்பவர் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கடல் பயணத்தை வைத்து எடுத்த படத்தையும் பார்த்தேன். யுத்தப் படங்களில் காட்டுவது எவ்வளவு உண்மை?" என்று கேட்கிறார்.

படித்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் இயக்கம் வெளியேற்றிய போது நான் மன்னாரில் வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வள்ளம். அதில் எங்கள் தெருவை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்கு வந்தேன். பிறகு புத்தளத்தில் அகதி முகாம். பிறகு காணி, வீடு. இங்கேயே இருந்துவிட்டோம்.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து, அந்தப் பயணத்தைப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்தார்கள். அந்தப் படத்தில் ஒரு இடம் சரியாக வர வேண்டும் என்பதற்காக, நான் வருடக்கணக்காகச் சொல்லிவந்த பொய் ஒன்றை ஊருக்கு முன்னால் நானே உடைக்க வேண்டி வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

டெக் வந்தது

முகாமில் கிடுகுக் கொட்டில்கள். நடுவில் ஒரு தகரக் கொட்டகை. யாரோ தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ கசட் போடும் டெக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடும். அதன் சத்தத்தில் பேச்சு ஒன்றும் கேட்காது.

அதனால் யுத்தப் படம்தான் ஓடியது. பேச்சு தேவையில்லை. சுடுவார்கள், ஓடுவார்கள், விழுவார்கள். எல்லாருக்கும் விளங்கும்.

யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்கள் பாயில் குந்தியிருந்து யுத்தம் பார்ப்பதா என்று பள்ளிவாசல் தலைவர் ஒருநாள் சத்தம் போட்டார். பிறகு அவரும் வந்து குந்தினார்.

நான் ஒன்றும் விடாமல் பார்த்தேன். பனியில் நடக்கிற யுத்தம், பாலைவனத்து யுத்தம், கடலுக்கு அடியில் ஓடுகிற கப்பல். வேலை இல்லாத காலம். பார்க்கப் பார்க்கக் கணக்குப் பிடித்துக்கொண்டேன்.

படகில் போகிறவர்கள் யாரும் வாந்தி எடுப்பதில்லை. இரண்டு நாள் கடலில் இருந்தவன் முகத்தில் உப்புப் படிவதில்லை. பொம்பிளைகள் ஒதுங்குவதற்கு வள்ளத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு படத்திலும் இல்லை. எங்களுக்கு அது பெரிய பாடு. நாலு பேர் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு நம் நாட்டிலும் படங்கள் வந்தன. சோதனைச் சாவடிக் காட்சி எல்லாப் படத்திலும் உண்டு. அடையாள அட்டையைப் பர்சிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். யார் பர்சில் வைத்திருந்தது? பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். வியர்வையில் ஊறினால் படம் அழியும். படம் அழிந்தால் ஆள் இறங்க வேண்டியதுதான். அந்தப் பொலித்தீன் பையை இன்றுவரை ஒருவரும் காட்டவில்லை.

எனக்குப் பிடித்தது ஒரு பழைய படம். பெயர் தெரியாது. கசட்டில் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்துபோயிருந்தது. பட்டாளத்தில் சமையல்காரன் ஒருத்தன். தூரத்தில் குண்டு விழுகிறது. அவன் கிழங்கு உரித்துக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு குண்டுக்கும் பானைக்குள் மண் விழுகிறது. அவன் மூடியை எடுத்து மூடுகிறான், பிறகு திறந்து கிளறுகிறான். அவ்வளவுதான். அந்த ஆளை நான் நம்பினேன். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

நான் சேர்த்த ஹெலி

ஒருநாள் படம் முடிந்ததும் புத்தளத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர். முகாமுக்கு அரிசி கொண்டுவருபவர்.

"நானா, நீங்க வந்த கடல்ல என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல. வந்தோம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. முப்பது உயிரைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். அதற்கு ஒரு தலையாட்டல்.

அடுத்த முறை வேறொருவர் கேட்டபோது கதையில் ஒரு ஹெலிகொப்டரைச் சேர்த்தேன். நடுக்கடலில் வந்தது என்றேன். தாழப் பறந்தது என்றேன். அதற்கு அடுத்த முறை அது சுட்டது. நான் வள்ளத்தை வளைத்து வளைத்து ஓட்டினேன். எல்லாம் டெக்கில் பார்த்ததுதான்.

கேட்டவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார்கள்.

வள்ளத்தில் என்னோடு வந்தவர்கள் எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும். என் மனைவி ரஹ்மத்துக்குத் தெரியும். நிலாமுக்குத் தெரியும். ஒருவர்கூட ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஹெலிக் கதையை எடுக்கும்போது மண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

அந்தக் கதை எப்படியோ கொழும்புக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் டிரெக்டர் வந்தார்.

கூடும் என்றார்கள்

டிரெக்டர் சின்ன வயதுப் பெண். மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். என்னை அங்கிள் என்பார். நல்ல பிள்ளை. வெயிலில் எங்களோடு நின்றார். எங்கள் சோற்றைத்தான் சாப்பிட்டார்.

அழுகை வராத அன்று, பத்தரைத் தேநீருக்கு எல்லாரும் கூடாரத்தில் இருந்தோம். மீன் அடைத்த மாலுபாண் கொடுத்தார்கள். மிஸ் கடதாசிக் கட்டோடு வந்து அடுத்த காட்சியை விளக்கினார்.

"இனி ஹாஜரா உம்மாட சீன். உம்மா வள்ளத்துல மௌத்தாகுறாங்க. வெள்ளைத் துணியில சுத்துறம். எல்லாரும் துஆ ஓதுறீங்க. பிறகு மெல்லக் கடல்ல இறக்குறம். கமெரா தண்ணிக்குள்ள இருந்து மேல பாக்கும்."

ஹாஜரா உம்மா நிலாமின் தாய். வரும் வழியில் வள்ளத்தில் மௌத்தானவர். அது நடந்தது. ஆனால் கடலில் இறக்கவில்லை.

நிலாம் கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்தான்.

"யாரக் கடல்ல இறக்குற?"

"அது படத்துல வாற..."

"எங்கட உம்மாவையா?"

மிஸ் என்னைப் பார்த்தார். "அங்கிள், நான் மௌலவி ஒருத்தர்ட்ட கேட்டுத்தான் எழுதின. கரை தூரமா இருந்தா, மையித்த வச்சிருக்க ஏலாட்டி, கடல்ல விடக் கூடும், மார்க்கத்துல தடை இல்ல எண்டு சொன்னார்."

"கூடும் மகள்" என்றேன். "நாங்க செய்யல்ல."

நிலாம் எழுந்துவிட்டான். அதிகம் கதைக்காதவன். அன்றைக்குக் கதைத்தான். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான் கற்பிட்டி மையவாடிக்குப் போய் யாருக்கு ஸலாம் சொல்றன்? மீனுக்கா? நாளைக்கு எங்கட புள்ளைகள் படத்தப் பாத்துட்டு, வாப்பா, பெத்தும்மாவக் கடல்ல போட்டீங்களாமே எண்டு கேட்டா நான் என்ன சொல்ற?"

தேநீர் ஊற்றுகிறவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

மிஸ் பொறுமையாகச் சொன்னார். "எனக்கு விளங்குது. ஆனா இது படம். சனத்துக்கு மனசுல நிக்கோணும். அங்கிள்ட ஹெலி சீன் இருக்கே, அது எவ்வளவு நல்லா வந்திருக்கு. அதப்போல இதுவும் நிக்கும். ஹெலிய கம்பியூட்டர்ல செய்றம்."

எல்லாருடைய கண்ணும் என் பக்கம் வந்தது. பிறகு மண்ணைப் பார்க்கப் போனது. ரஹ்மத்து முந்தானையைச் சரிசெய்தாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் ஹெலி படத்தில் வரும். என் பெயர் நிற்கும். ஆனால் நடக்காத ஒன்றை வைத்துக்கொண்டு, நடக்காத இன்னொன்றை வெட்டு என்று எந்த வாயால் சொல்வது?

"ஹெலி வரல்ல, மகள்" என்றேன்.

"என்ன அங்கிள்?"

"ஹெலி வரல்ல. நான் சேத்த. டெக்குல பாத்துச் சேத்த."

தேநீர் ஊற்றுகிறவர் கற்பிட்டிக்காரர். கெட்டிலைக் கீழே வைத்தார். "அல்லாஹ்வே! காதர் நானா, ஒங்கட கதையக் கேக்குற நேரமெல்லாம் நான் அந்த ஹெலிக்குப் பயந்து குனிஞ்சிருக்கன்!"

நிலாமின் மனைவி பின்னாலிருந்து கேட்டாள். "இவ்வளவு காலமும் மேலேயே பறந்த. நானா இனி அத எங்க இறக்கப் போறீங்க?"

சிரிப்பு வெடித்தது. ரஹ்மத்துதான் அதிகம் சிரித்தாள். வருடக்கணக்காக அடக்கிவைத்த சிரிப்பு. நானும் சிரித்தேன். முகம் சுட்டது.

சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். "ஹெலியையும் வெட்டுங்க, கடல்ல போடுறதையும் வெட்டுங்க. ரெண்டும் நடக்கல்ல."

மிஸ் சிரிக்கவில்லை. கடதாசியை மடித்தார். மண்ணில் எங்களோடு குந்தினார்.

"அப்ப என்ன நடந்த?" என்று கேட்டார்.

நடந்தது

விடியப் புறப்பட்டோம். எரிபொருள் குறைவு. மெசினை மெல்லத்தான் ஓட்டினேன். ஆட்கள் அதிகம். வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி.

மறுநாள் காலையில் ஹாஜரா உம்மா தண்ணீர் கேட்டார். ரஹ்மத்தின் மடியில் தலை வைத்திருந்தார். போத்தல் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தார். கலிமா சொன்னார். முடிந்தது.

வள்ளத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பலகை ஒன்று விட்டுப்போயிருந்தது. ஆண்கள் முறை போட்டு இறைத்தார்கள். எண்ணெயும் வாந்தியும் கலந்த தண்ணீர். மையித்தை அதில் கிடத்த முடியாது. உலர்ந்த இடம் ஒன்றுதான் இருந்தது. நடுப் பலகை. அதில் என் வலை குவிந்து கிடந்தது; ஆட்கள் நெருங்கியிருந்ததால் அதை வைக்க வேறு இடம் இல்லை.

வீட்டிலிருந்து நான் ஒன்றும் எடுக்கவில்லை. வலை வள்ளத்தில் கிடந்ததால் அதோடு வந்தது. போகிற ஊரிலும் கடல் இருக்கும், வலை இருந்தால் பிழைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

வயதான ஒருவர் என் காதருகில் சொன்னார். "காதர், கரை தூரம். கூடும்."

நான் நிலாமைப் பார்த்தேன். அப்போது அவனுக்கு இருபது வயது இருக்கும். வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஹாஜரா உம்மாவின் தலையை இன்னொருத்தி மடியில் வாங்கினாள்; சுக்கானை ரஹ்மத்திடம் கொடுத்தேன். போய் வலையைக் கடலில் தள்ளினேன்.

ஹாஜரா உம்மாவை நடுப் பலகையில் கிடத்தினோம். பெண்கள் சேலையைப் பிடித்து நிழல் கொடுத்தார்கள். கை ஓய்ந்தால் அடுத்தவள் பிடிப்பாள். பின்னேரம், அசர் தொழுகை நேரத்துக்குக் கரை சேர்ந்தோம். அதுவரை அவர்மேல் ஒரு சொட்டு வெயில் படவில்லை.

கரையில் மீன்காரர்கள் நின்றார்கள். நாங்கள் கத்தினோம், மையித்து இருக்கிறது என்று. எந்த ஊர், யார், ஏன் வந்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. முதல் கேள்வி இதுதான்:

"ஆம்பிளையா, பொம்பிளையா?"

பொம்பிளை என்றதும் ஒருவர் ஊருக்குள் ஓடினார், குளிப்பாட்டப் பெண்களைக் கூட்டிவர. மற்றவர்கள் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி வந்தார்கள். மையித்தைத் தூக்கும் சந்தூக் வந்தது. ஒரு கடையிலிருந்து சுற்றுவதற்குக் கபன் துணி வந்தது. கற்பிட்டி மையவாடியில் குழி தோண்டினார்கள். நாங்கள் யார் என்று அவர்கள் கேட்டது எல்லாம் முடிந்த பிறகுதான். சோறு போட்டுவிட்டுக் கேட்டார்கள்.

இதைச் சொல்லி முடித்தேன். வலை போன கதையை அதற்கு முன்னால் நான் யாருக்கும் சொன்னதில்லை. படத்தில் வருகிற விடயம் என்று நினைக்கவில்லை.

மிஸ் சொன்னார். "அங்கிள், நான் இத எடுக்கிறன்."

வலை எப்படிப் போகும்

என் வேடத்தில் நடித்தவர் நல்ல நிறம். ரஹ்மத்து பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு இப்படி மூக்கு எப்ப இருந்த?" என்று கேட்டாள்.

அவர் வலையை இரண்டு கையாலும் வாரி ஒரே வீச்சில் கடலில் எறிந்தார். எறிந்துவிட்டு அழுதார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.

"தம்பி, வலை அப்படிப் போகாது. மடி மடியாத்தான் போகும். முதல்ல நீங்க தள்ளோணும். பாதி போனதும் அதுவே இழுக்கும். பிறகு நீங்க புடிச்சாலும் நிக்காது. கை சும்மா நிக்கும். பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்."

அவர் திரும்பச் செய்தார். இந்த முறை வலை தானே போகத் தொடங்கியதும் அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அழவில்லை.

அதுதான் சரி. படத்தில் இருப்பது அதுதான்.

ஆலங்குடாக் கரையில்

கரை சேர்கிற காட்சியை மறுநாள் பின்னேரம் எடுத்தார்கள். மையித்துக்குப் பஞ்சு அடைத்த பொம்மை செய்து வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். சந்தூக் ஒன்றையும் பலகையில் செய்திருந்தார்கள். தூக்குவதற்கு நாலு பேரைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். உயரம் பார்த்து எடுத்தவர்கள்.

வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. கயிறு கட்டி அந்தப் பக்கம் நிற்க வைத்திருந்தார்கள். ஐஸ் லொறிக்காரர், ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள். எல்லாருக்கும் பொம்மை என்று தெரியும். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது சிரித்தவர்கள்தான்.

வள்ளம் கரையில் முட்டியது. வெள்ளைத் துணி வெளியே வந்தது. சந்தூக்கில் வைத்தார்கள். நாலு பேரும் தோளில் ஏற்றினார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் முன்னால் வந்தார். தொப்பியைப் போட்டார். கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்து தோள் கொடுத்தார். இன்னொருவர் வந்தார். ஐஸ் லொறிக்காரர் வந்தார். தேநீர் ஊற்றுகிறவர் ஓடிவந்து சேர்ந்தார். கொழும்புக்காரர் நாலு பேரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. தோள் மாறி, தோள் மாறிச் சந்தூக் மேலே போனது. கலிமா ஓதுகிற சத்தம் கேட்டது. நிலாம் சந்தூக்கின் முன்காலைப் பிடித்திருந்தான்.

"கட்! கட்!" என்று கத்தினார்கள். யாரும் நிற்கவில்லை.

கமெராவைத் தாண்டிப் போனார்கள். கூடாரத்தைத் தாண்டிப் போனார்கள். பள்ளிவாசல் பாதையில் ஏறிவிட்டார்கள். படக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். "பொம்மை! அது பொம்மை!"

பாதையில் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐஸ் லொறிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சந்தூக் குலுங்கியது.

ஆனால் யாரும் கீழே வைக்கவில்லை. நடுப் பாதையில் ஜனாஸாவைக் கீழே வைக்கிற வழக்கம் இல்லை. பொம்மைதான். இருந்தாலும் கை வரவில்லை. தோளில் வைத்துக்கொண்டே வெயிலில் நின்றார்கள்.

"மிஸ்ஸிட வேனக் கொண்டு வாங்க" என்றான் நிலாம்.

வேன் பின்பக்கமாக வந்தது. சந்தூக்கை உள்ளே ஏற்றினார்கள். நிலாம் கதவை மெல்லச் சாத்தினான்.

மிஸ் கமெராவின் சின்னத் திரையில் அதை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"திரும்ப எடுப்பமா அங்கிள்? நாலு பேரோட, ஒழுங்கா?"

"அண்டைக்கும் நாலு பேர் இல்ல, மகள்" என்றேன். "ஊரே வந்த."

அவர் மூன்றாவது முறையும் போட்டுப் பார்த்தார். பிறகு கமெராக்காரர் பக்கம் திரும்பி, சிங்களத்தில் "எத்தி" என்றார்.

போதும் என்று அர்த்தம்.